சேட்டுப் பையில் ஒளித்த அட்டை

சபையாரே, என் வலது அடிவயிற்றில் கோழிமுட்டை அளவில் ஒரு துரோகி மூன்று வருடம் குடியிருந்தான். படுத்தால் உள்ளே போவான், எழும்பினால் வெளியே வருவான். தும்மினால் எட்டிப் பார்ப்பான். சிரித்தால் முழு உருவத்தோடும் வந்து நிற்பான். குடலிறக்கம் என்று அதற்குப் பெயர். எங்கள் ஊர் உப்புவெளியில் பாதி ஆம்பிளைகளுக்கு அது உண்டு. வெட்டித் தைத்துக்கொண்டு அடுத்த மாதமே சைக்கிள் மிதிக்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என்னை வெட்டினால் இரத்தம் நிற்காது.

ஹீமோபீலியா பிறவியிலேயே வந்தது. இரத்தம் உறைவதற்கு உடம்பிலே பத்துப் பன்னிரண்டு பொருட்கள் வரிசையாகக் கைகொடுக்க வேண்டுமாம். என் உடம்பில் எட்டாவது ஆள் வேலைக்கு ஒழுங்காக வருவதில்லை. வந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறான். துறைமுகக் கந்தோரில் இருபது வருடம் கிளாக்கராக இருந்த எனக்கு அப்படிப்பட்டவனை விளங்கிக்கொள்வது கஷ்டமல்ல. நானும் அந்த இனந்தான்.

இளமையில் சமாளித்தேன். முழங்காலுக்குள் இரத்தம் கசிந்து வீங்கினால் ஆஸ்பத்திரியில் ஒரு போத்தல் பிளாஸ்மா ஏற்றுவார்கள். வேறொருவருடைய எட்டாவது ஆள் இரவலாக வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போவான். நாற்பது வயது தாண்டியதும் அதுவும் பலிக்காமல் போயிற்று. போத்தல் ஏறியது, வீக்கம் இறங்கவில்லை. கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே இரத்த நோய்களைப் பார்க்கும் டொக்ரர் அம்மா ஒருவர், யாழ்ப்பாணப் பக்கத்துக்காரி, சிரிப்பை வீட்டிலே வைத்துவிட்டு வருகிறவர், எனக்கு விளக்கினார்.

“இஞ்சை பாருங்கோ, மிஸ்டர் ஞானமுத்து. உங்கட உடம்பு இரவல் ஆளைப் பிடிச்சுக் கொல்லப் பழகிட்டுது. அதுக்கெண்டு காவல்காரரை வைச்சிருக்கு. அவையளுக்கு நாங்கள் சொல்லுற பேர் இன்ஹிபிற்றர். ஒரு போத்தல் உள்ளுக்குப் போனாலும் காவல்காரர் பெருகுவினம். ஒண்டும் போகாட்டி, மாசக்கணக்கிலை மெல்ல மெல்லக் குறைவினம்.”

“குறைஞ்ச பிறகு?”

“நல்லாக் குறைஞ்ச பிறகு ஒருநாள் பெருந்தொகையா ஒரேயடியா உள்ளுக்கு விடுவம். அவை முழிச்சு ஆள் சேர்க்க ஐஞ்சாறு நாள் எடுக்கும். அந்த ஐஞ்சாறு நாளுக்குள்ளை உங்கட குடலிறக்கத்தை வெட்டித் தைச்சுக் காயம் ஒட்டவேணும். அந்த ஒரு வாசல்தான் உங்களுக்கு இருக்கு.”

“அதுவரைக்கும் நான் என்ன செய்யவேணும்?”

“ஒண்டும் செய்யக்கூடாது.”

“அதிலை நான் கெட்டிக்காரன், டொக்ரர். அரசாங்க உத்தியோகம்.”

அவர் சிரிக்கவில்லை. “பாப்பம்” என்று மட்டும் சொன்னார். பிறகு ஓர் அட்டை எழுதித் தந்தார். மூன்று பாஷை, சிவப்பு மை. இந்த ஆளுக்கு எங்களைக் கேட்காமல் இரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்ற வேண்டாம், தசையில் ஊசி போட வேண்டாம், ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். “கழுத்திலை போடுங்கோ. குளிக்கேக்கையும் கழட்டாதேங்கோ. இந்தக் குடல் எப்பவாவது வெளியிலை வந்து இறுகி உள்ளுக்குப் போகாட்டி, அண்டைக்கே வெட்டவேணும். காவல்காரர் முழிச்சிருக்கேக்கை வெட்டினால், உங்களை நான் காப்பாத்தமாட்டன்.”

இவ்வளவு தெளிவாக எவரும் என்னிடம் எதையும் சொன்னதில்லை. கலியாண நாளில் போதகர்கூட.

நான் சபையில் சாட்சிகள் நிறையக் கேட்டவன். அநேகமாக எல்லாச் சாட்சியிலும் டொக்ரர்மார் கையை விரித்திருப்பார்கள், அதன் பிறகு ஆண்டவர் வருவார். கேட்டுக் கேட்டு, டொக்ரர்மார் கைவிடுவதற்காகவே படித்து வருகிறார்கள் என்று நினைத்ததுண்டு. என் கதையில் அந்த வசதி இல்லை. டொக்ரர் என்னைக் கைவிடவில்லை. நான்தான் டொக்ரரைக் கைவிட்டேன்.

அது நடந்தது மட்டக்களப்பைச் சூறாவளி புரட்டிப்போட்டதற்கு அடுத்த வருடம், மாசி மாதத்தில். அதற்குள் காவல்காரர் நன்றாகக் குறைந்துவிட்டார்கள். பங்குனியில் ஒப்பரேசன் என்று நாளும் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து வெளியூரில் ஒரு சொந்தக்காரர் கலியாணம். ஊர்ப்பெயர் வேண்டாம், அந்த ஊர் ஒரு பாவமும் செய்யவில்லை. பந்தலில் கதிரை தூக்கிப் போட்டு என் வீரத்தைக் காட்டினேன். மாலையாகுமுன் முழங்கால் வீங்கிவிட்டது. அங்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

எங்கள் சனத்துக்குப் போத்தல்மேல் உள்ள விசுவாசத்தை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? ஒருவன் ஆஸ்பத்திரியால் வந்தால் நாங்கள் கேட்கும் முதற் கேள்வி, “எத்தினை போத்தல் ஏத்தினவை?” இரண்டு என்றால் மரியாதை. ஒன்று என்றால் அனுதாபம். ஒன்றுமில்லை என்றால், “அப்ப ஏன் போனனீ?” மாத்திரையோடு வந்தவனை யாரும் நோயாளியாகவே மதிப்பதில்லை. சகலமும் வாசித்தவன், சகலத்தையும் பகிடி பண்ணுகிறவன் என்று பெயரெடுத்த நானும் அந்தச் சனத்தில் ஒருவன். போத்தல் தலைக்கு மேலே தொங்கவேண்டும், அது சொட்டுவதை நான் பார்த்துக்கொண்டு கிடக்கவேண்டும், கலியாண வீட்டுச் சனம் வாசலில் நின்று என்னைப் பார்க்கவேண்டும். அந்த ஆசை வலியைவிடப் பெரிதாக இருந்தது.

இளம் டொக்ரர் ஒருவர் வந்தார். கவனமான பிள்ளை. “ஐயா, ஏதாவது கடிதம், அட்டை தந்திருக்கினமோ?” என்று கேட்டார்.

சபையாரே, அவர் கட்டிலருகே வருமுன்பே நான் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிச் சேட்டுப் பைக்குள் ஒளித்துவிட்டேன். “இல்லை தம்பி” என்றேன். “வழக்கமா ஒரு போத்தல் பிளாஸ்மா ஏத்துவினம், சுகமாயிடும்.”

ஏற்றினார்கள். சுகமாகவில்லை. ஆனால் மிகவும் அழகாகத் தொங்கியது.

ஒப்பரேசனுக்கென்று பங்குனியில் கொழும்புக்குப் போனபோது டொக்ரர் அம்மா இரத்தம் எடுத்துப் பார்த்தார். காவல்காரர் படை திரண்டு நின்றார்கள்.

“ஆர் போத்தல் ஏத்தினது?”

“தெரியேல்லை டொக்ரர். நான் மயங்கிக் கிடந்தனான்.”

“அட்டை?”

“கழுத்திலைதான் இருந்தது.”

அவர் பேனையை எடுத்தார். “அப்ப அந்த டொக்ரரிட்டை நான் எழுதிக் கேக்கவேணும்” என்றார். ஒரு கவனமான பிள்ளையின் தலையில் என் போத்தலைக் கவிழ்த்துவிட்டு, நான் பஸ் ஏறி ஊருக்கு வந்தேன்.

ஊரிலே அடுத்த பொய் காத்திருந்தது. எங்கள் வீட்டில் புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ஜெபக் கூட்டம் நடக்கும். நடத்துகிறவர் செல்வரத்தினம் அண்ணர். ஐஸ் ஆலையில் மேற்பார்வையாளர். குரல் மட்டும் உலைக்களம். அவர் ஜெபிக்கத் தொடங்கினால் ஊருக்குள் திரிந்து வேலியோரம் செவ்வரத்தைச் செடி மேயும் மான்கள்கூட ஓடிவிடும். அவர் கேட்டார், “என்ன தம்பி, ஒப்பரேசன் செய்யாமல் வந்திட்டாய்?” நான் சொன்னேன், “அந்த டொக்ரர் அம்மாவுக்கு மனமில்லை, அண்ணர். ரத்தம் காணாதாம், இருப்பு போதாதாம்.”

அவ்வளவுதான். அண்ணர் எழும்பினார். “ரத்தம் காணாதோ? சபையிலை ரத்தம் காணாதோ?” அடுத்த புதன் சாம்பல்தீவிலிருந்தும் கப்பல்துறையிலிருந்தும் ஆட்கள் சைக்கிளில் வந்து சேட்டுக் கையை மடித்துவிட்டபடி எங்கள் விறாந்தையில் இருந்தார்கள். அவர்களுடைய நரம்புகளைப் பார்த்து நான் மனதுக்குள் இளித்தேன். டொக்ரர் அம்மாவுக்கு எதிராக ஒரு மனுவும் தயாரானது. மனு போவதற்கு முன் ஜெபம். “ஆண்டவரே, அந்த அம்மாவின்ர கல்நெஞ்சைக் கரையப்பண்ணும்!” நாலு கிழமை இது நடந்தது. நாலு கிழமையும் கூட்டத்திலே உரத்த குரலில் ஆமென் சொன்னவன் நான்.

உங்கள் அருவருப்பு எனக்குத் தெரிகிறது. தொடர்ந்து கேளுங்கள், இன்னும் இருக்கிறது.

உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை. கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டு நேரம், எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். சபை ஆண்டு விழாவுக்காக நான் ஒரு பகிடி நாடகம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வரி எழுதி, அதை நானே உரக்க வாசித்து, நானே விழுந்து விழுந்து சிரித்தேன். துரோகி வெளியே வந்தான். தன் எழுத்தாலேயே உயிராபத்துக்கு உள்ளான எழுத்தாளன் இந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வழக்கம்போல் நிலத்தில் மல்லாந்து படுத்து, காலைக் கதிரைமேல் தூக்கிப்போட்டு, மெல்ல அழுத்தினேன். போகவில்லை. இன்னொரு தரம் அழுத்தினேன். கல்லுப்போல் இருந்தது. வலி மேலேறியது. வேர்த்தது. யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு பாரந்தூக்கி சுழன்றுகொண்டிருந்தது. இன்றைக்கே வெட்டவேண்டி வரும். காவல்காரர் எல்லோரும் விழித்திருக்கிறார்கள். அவர்களை எழுப்பினவன் நான்.

ஜெபிக்கத் தொடங்கினேன். பழக்கதோஷம், முதலில் அலங்காரமாகத்தான் வந்தது. வானாதி வானங்களை எல்லாம் கூப்பிட்டேன். அதைக் கேட்க எனக்கே குமட்டியது. நிலத்தில் கிடந்து, கதிரையில் காலைப் போட்டுக்கொண்டு, செய்யுள் நடையில் மன்றாடுகிற ஒரு பொய்யன். நிறுத்தினேன். பிறகு வாயில் வந்தது இவ்வளவுதான். “ஆண்டவரே, நான் பொய் சொன்னனான். இது உள்ளுக்குப் போனால், சொல்லிவிடுறன்.”

பேரம். அதுவும் ஏற்கெனவே கட்டாயம் செய்யவேண்டியதை விலையாக வைத்துப் பேரம். இதைவிட மலிவான ஜெபம் அவருடைய காதுக்குப் போயிருக்காது. ஆனால் பாரந்தூக்கி தன் பாரத்தை இறக்கிவிட்டுத் திரும்பி வருவதற்குள், என் விரலுக்குக் கீழே அந்தக் கட்டி இளகி, ஒரு முனகலோடு உள்ளே போனது.

நான் அழுதேன். சாட்சிக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே அழுதேன். அழுது முடித்ததும் என் புத்தி என்ன செய்தது தெரியுமா? “அது தற்செயலாகவும் போயிருக்கலாம்” என்றது. புதன்கிழமை வரை அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

புதன் நாலு மணி. அண்ணர் மனுவை மேசையில் விரித்து வைத்திருந்தார். கையெழுத்துக்கு முன் ஜெபம். “ஆண்டவரே, இந்த அப்பாவியின்ர முகத்தைப் பாரும்” என்று தொடங்கினார். அப்பாவி என்ற சொல்லுக்குமேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

“அண்ணர், கண்ணைத் திறவுங்கோ” என்றேன்.

ஜெபத்தின் நடுவே அவரை எவரும் மறித்ததில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, சேட்டுப் பை, போத்தல், இளம் டொக்ரர், கொழும்பில் சொன்ன பொய். குசினியில் கோப்பை கழுவும் சத்தம் நின்றுபோனது. என் மனைவி கிரேசுக்கும் அதுவரை தெரியாது.

அண்ணர் மற்றக் கண்ணையும் திறந்தார். “அப்ப நாங்கள் நாலு கிழமையா அந்த அம்மாவுக்கு எதிரா ஜெபிச்சது?”

“ஓம்.”

“கல்நெஞ்சு எண்டு?”

“ஓம்.”

“நீ ஆமென் சொன்னனீ.”

“உரக்கச் சொன்னனான்.”

விறாந்தையில் மடித்திருந்த சேட்டுக் கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கிரேஸ் குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் ஈரம். “இஞ்சருங்கோ” என்றாள். “அந்த அட்டை எங்கை?”

அலுமாரியில் என் சேட்டுகளுக்குக் கீழே இருந்தது. அவளே போய் எடுத்து வந்தாள். “தம்பி, உங்களிட்டைத் தங்கூசி இருக்கோ?” என்று சாம்பல்தீவிலிருந்து வரும் மீன்பிடிகாரத் தம்பியிடம் கேட்டாள். அவருடைய மடியில் எப்போதும் ஒரு சுருள் நைலோன் நூல் இருக்கும். அவர் அட்டையைக் கோத்து, என் பிடரியில் ஒரு முடிச்சுப் போட்டார். “அக்கா, இது பாரைமீனுக்குப் போடுற முடிச்சு” என்றார். “ஐயாவாலை அவிழ்க்க ஏலாது.”

அண்ணர் மனுவை நாலாகக் கிழித்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார், “அப்ப இப்ப ரத்தம் தேவையில்லை?”

“இப்ப ஆபத்து, அண்ணர். காவல்காரர் குறையும் வரைக்கும் சும்மா இருக்கவேணும்.”

“முழங்கால் வீங்கினால்?”

“அசையாமல் கட்டிவைச்சு, ஐஸ் வைக்கச் சொல்லி டொக்ரர் அம்மா சொன்னவா.”

“ஐஸோ?” இரத்தம் சிந்த ஆயத்தமாக வந்த மனிதர். இருபத்தைந்து வருடமாகக் கை மரத்துப்போகத் தள்ளிய ஐஸை ஆண்டவர் கேட்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. “ஐஸைப் போய் ஆர் சாட்சியிலை சொல்லுவான்” என்று முணுமுணுத்தார். அண்ணர், இதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கே டொக்ரர் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். பகிடி இல்லாமல் நான் எழுதிய முதற் கடிதம். அந்தப் பிள்ளைமீது பழியில்லை என்று முதல் வரியிலேயே எழுதினேன். பதிலில் இரண்டே வரி. அந்த டொக்ரருக்குத் தானே மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டாராம். காவல்காரர் குறைய ஆவணி ஆகுமாம், அதுவரை ஒரு துளியும் கூடாது.

ஆவணி வரை. அதற்குள் இரண்டில் ஒன்று நடந்தால் நான் போய்ச் சேருவேன். துரோகி வெளியே வந்து இறுகவேண்டும், அல்லது நானே மறுபடி ஒரு போத்தலுக்குக் கெஞ்சி வாங்கவேண்டும். முதலாவதற்குக் கிரேஸ் வழி கண்டாள். என் நாடகக் கொப்பியைப் பூட்டிவைத்தாள். எனக்குச் சிரிப்புத் தடை. ஆண்டு விழாவில் நாடகம் இல்லை என்று கேட்டுச் சபையார் மிகவும் சந்தோஷப்பட்டதாகப் பிறகு அறிந்தேன்.

இரண்டாவது ஆபத்து ஆடியில் வந்தது. கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. கிணற்றடியில் கால் வழுக்கியது. விழவில்லை, மெல்லச் சுளுக்கியதுதான். மத்தியானத்துக்குள் முழங்கால் குரும்பை அளவுக்கு வந்துவிட்டது. மூட்டுக்குள் இரத்தம் நிறையும் வலியை நான் வர்ணிக்கப் போவதில்லை. படித்த மனிதன் என்ற பூச்சு எவ்வளவு மெல்லியது என்பதற்கு அது நல்ல பரீட்சை. ஒரு மணித்தியாலத்தில் நான் தோற்றுவிட்டேன்.

“கிரேஸ், ஒரு போத்தல். ஒரே ஒரு போத்தல். ஆருக்குத் தெரியப்போகுது?”

“உங்கட ரத்தத்துக்குத் தெரியும்.”

“இந்த அட்டையை வெட்டு. கத்திரிக்கோலை எடு.”

“கத்திரிக்கோல் அண்ணர் வீட்டை போயிட்டுது. போன மாசமே.”

நான் கழுத்து நூலைப் பிடித்து இழுத்தேன். தோல்தான் அறுந்தது. இரத்தமும் வந்தது, அதற்கும் அவள்தான் துணி வைத்து அழுத்தினாள். பாரைமீனுக்காக முதன்முறை இரங்கினேன்.

அப்போது வாசலில் சைக்கிள் மணி; கிரேஸ் முன்பே ஆள் அனுப்பியிருந்தாள். செல்வரத்தினம் அண்ணர் மரத்தூளும் சாக்கும் சுற்றிய ஐஸ் பாளத்தோடு வந்து நின்றார். முன்பு சின்ன வீக்கங்களுக்கு இரண்டு தரம் இப்படிக் கொண்டுவந்து, முதலில் ஜெபிக்கிறேன் என்று தொடங்கி, ஆமென் சொல்வதற்குள் பாளத்தில் பாதி தரையிலே ஓடியிருக்கிறது. இந்த முறை கிரேஸ் அவர் கண்ணை மூடுமுன் சாக்கைப் பறித்துக்கொண்டாள். முழங்காலைச் சுற்றி ஐஸ் வைத்து, காலைத் தலையணைமேல் உயர்த்திக் கட்டினார்கள். நான் போத்தலுக்காக அழுதேன், கெஞ்சினேன், திட்டினேன். அண்ணரின் ஜெபத்தைப் பற்றி, குரலைப் பற்றி, பக்தியைப் பற்றி, பல வருடமாக மனதுக்குள் சேர்த்துவைத்த ஏளனம் முழுவதையும் அவர் முகத்துக்கு நேரே கொட்டினேன்.

அவர் என் காலைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “கத்து தம்பி. நல்லாக் கத்து. கெட்ட வார்த்தை எண்டாலும் பரவாயில்லை, நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறன்.”

“காதை மூடுங்கோ அண்ணர். கண்ணை மூடி என்ன பிரயோசனம்?”

“காதை மூடினால் காலை ஆர் பிடிக்கிறது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் என் அடிவயிற்றில் கை வைத்து அழுத்தினோம்.

மூன்று நாள் ஐஸ் வந்தது. காலை ஒரு பாளம், பின்னேரம் ஒரு பாளம். நாலாம் நாள் வீக்கம் இறங்கத் தொடங்கியது. ஒரு துளியும் ஏறவில்லை.

ஆவணியில் கொழும்பிலிருந்து தந்தி. வரவும். காவல்காரர் அநேகமாக நித்திரை. இப்போதுதான் இரத்தம் தேவைப்பட்டது, அதுவும் ஏராளமாக. பலருடைய இரத்தத்திலிருந்து எட்டாவது ஆளை மட்டும் உறையவைத்துப் பிரித்தெடுத்துச் சிறு சிறு பைகளில் சேர்ப்பார்கள். கிரையோ என்பார்கள். அங்கே முகந்தெரியாத எத்தனையோ பேர் கொடுத்திருந்தார்கள். எங்கள் விறாந்தைக் கூட்டமும் முன்கூட்டியே ஒரு வான் வண்டியில் கொழும்புக்குப் போய்க் கொடுத்தது. எல்லோருக்கும் முன்னால் கையை நீட்டியவர் செல்வரத்தினம் அண்ணர். பிரஷர் கூடுதல் என்று அவரை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலு மாதமாகச் சேட்டுக் கையை மடித்துக் காத்திருந்தவர்.

ஒப்பரேசன் நாள் காலை அவர் என் கட்டிலருகே வந்தார். நான் நீண்ட ஜெபத்துக்கு ஆயத்தமானேன். அவர் கண்ணை மூடி, “ஆண்டவரே, பாரும்” என்றார். அவ்வளவுதான். என் வாழ்நாளில் முழு மனதோடு சொன்ன முதல் ஆமென் அதுதான். சத்தமாகக்கூட வரவில்லை.

தியேட்டருக்குக் கொண்டுபோகுமுன் நேர்ஸ் கழுத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்துத் தோற்று, கத்திரிக்கோலால் வெட்டினார். பிறகு பை பையாக ஏற்றினார்கள். நான் ஆயுள் முழுக்க ஆசைப்பட்டதெல்லாம் ஒரே காலையில் தலைக்கு மேலே தொங்கியது. பார்க்க ஒரு கலியாண வீட்டுச் சனமும் இல்லை. எனக்கும் பார்க்க விருப்பமில்லை.

சத்திரசிகிச்சை நிபுணர் ஒவ்வொரு சின்ன இரத்தக் குழாயையும் தனித்தனியே கட்டினாராம். முதல் நாள் காயம் காய்ந்திருந்தது. அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. நேரந்தவறாமல் பைகள் ஏறின, உறைந்தது கரையாமலிருக்க மாத்திரையும் தந்தார்கள். ஆறாம் நாள் டொக்ரர் அம்மா வந்து சொன்னார், “முழிச்சிட்டினம். இனி ஊத்துறதெல்லாம் தண்ணி. இனி உங்கட காயம்தான் உங்களைக் காப்பாத்தவேணும்.”

ஏழாம் நாள் காலை கட்டுத்துணியில் ஒரு சிவப்புப் பொட்டு.

நேர்ஸ் நீலப் பேனையால் அதைச் சுற்றி ஒரு கோடு கீறினார். மேலே சிறிய மணல் மூட்டை ஒன்றை வைத்தார். சற்று நேரத்துக்கு ஒருதரம் தூக்கிப் பார்த்தோம். பத்து மணிக்குச் சிவப்பு கோட்டைத் தாண்டிவிட்டது. இரண்டாவது கோடு. மத்தியானம் அதையும் தாண்டியது. மூன்றாவது கோடு கீறும்போது நேர்ஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிரேஸ் மணல் மூட்டைக்கு மேலே தன் உள்ளங்கையையும் வைத்து அழுத்தினாள். செய்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. ஊற்றுவதற்கு ஒன்றுமில்லை, கெஞ்சுவதற்கு ஒரு போத்தலும் இல்லை, சொல்வதற்கு ஒரு பகிடியும் இல்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதில் கெட்டிக்காரன் என்று சொன்னேனே, அந்தப் பரீட்சை அன்றைக்குத்தான் நடந்தது. அண்ணரின் இரண்டு சொல்லையே இரவல் எடுத்தேன். ஆண்டவரே, பாரும்.

மூன்று மணிக்கு மூட்டையைத் தூக்கினார்கள். கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு விரல் வெள்ளை. நாலு மணிக்கும் அதே வெள்ளை. ஐந்து மணிக்குச் சிவப்பு ஓரத்தில் காய்ந்து கறுக்கத் தொடங்கியிருந்தது. கிரேஸ் கையை எடுத்தபோது விரல்கள் மடங்க மறுத்தன. அன்றைக்குப் புதன்கிழமை. உப்புவெளியில் அதே நாலு மணிக்கு எங்கள் விறாந்தையில் சனம் முழங்காலில் நின்றதைப் பிறகு அறிந்தேன். தற்செயல் என்று என் புத்தி மறுபடி வாயைத் திறந்தது. “நீ இனிக் கதையாதே” என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டொக்ரர் அம்மா புதிய அட்டை எழுதித் தந்தார். “ஒண்டும் செய்யாமல் இருக்கிறதிலை கெட்டிக்காரன் எண்டு சொன்னனீங்கள்” என்றார்.

“ஓம், டொக்ரர்.”

“பாத்தம்” என்றார். வீட்டிலே வைத்துவிட்டு வரும் சிரிப்பை அன்றைக்கு மறந்துபோய்க் கொண்டுவந்திருந்தார்.

சபையாரே, நான் குணமாகவில்லை. அதை மறைத்து உங்களை அல்லேலூயா சொல்லவைக்க மாட்டேன். என் இரத்தம் இன்னும் உறையாது. காவல்காரர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். துரோகி ஒருவன் போனான், அவ்வளவுதான். ஆனால் நான் கேட்டதை ஆண்டவர் கேட்டார் என்பதற்கு நானே சாட்சி. நான் கேட்டது போத்தல். அவர் தந்தது ஒரு பிடிவாதக்கார மனைவி, ஒரு பாரைமீன் முடிச்சு, நாலு மாதக் காத்திருப்பு, சைக்கிளில் வந்த ஐஸ். இவற்றில் ஒன்றையும் நான் விரும்பிக் கேட்டிருக்க மாட்டேன். நான் ஏளனம் செய்த ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒன்றைக் கொடுத்து அவர் என் வீட்டுக்கு அனுப்பினார். ஏளனத்துக்கு இப்போது ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. கண்ணாடியைப் பார்த்தால் போதும்.

அட்டை இப்போது சேட்டுக்கு வெளியே தொங்குகிறது. நற்கருணைக்கு முழங்காலில் நிற்கும்போதும் அப்படியே. போதகர் இரண்டொரு தரம் உற்றுப் பார்த்தார், பழகிவிட்டார். உங்களிடமும் பைக்குள் ஒளித்த ஏதாவது இருந்தால், அதை வெளியே எடுத்துக் காட்டிவிட்டு ஜெபித்துப் பாருங்கள். ஒளித்துக்கொண்டும் ஜெபிக்கலாம், எனக்கு அதில் நல்ல அனுபவம் உண்டு. அந்த ஜெபத்துக்கு ஆமென் மட்டுந்தான் உரத்து வரும்.

புதன்கிழமை நாலு மணிக்கு வாருங்கள். செல்வரத்தினம் அண்ணர் பழையபடி நீட்டி ஜெபிக்கிறார், மான்களும் பழையபடி ஓடுகின்றன. யாருக்காவது முழங்கால் வீங்கியிருந்தால் மட்டும் சுருக்கமாக முடிப்பார். வாசலில் ஐஸ் சாக்குச் சொட்டிக்கொண்டிருக்கும்.